விளக்கணைத்த பிறகு பேசுகிற பேச்சு

போன வாரம் உங்களில் ஒருவர் எனக்குப் போன் செய்தீர்கள். ஒரகடம் பக்கம் ஏதோ ஒரு கம்பெனி வாசலில் நின்று பேசியிருக்க வேண்டும். லாரிச் சத்தத்தில் பாதிதான் கேட்டது. கேட்ட பாதி இது: "மேடம், வேலைய நல்லா கத்துக்கிட்டா. சூப்பர்வைசர் திட்டல, யாரும் கேலி பண்ணல. ஆனா திங்கக்கிழமையிலேர்ந்து வேலைக்குப் போக மாட்டேங்கறா. நான் எங்க பாக்கணும்?" அதற்குள் லைன் போய்விட்டது. திரும்பக் கூப்பிட்டேன். நீங்கள் எடுக்கவில்லை. வேலையாக இருந்திருப்பீர்கள்.

ஓய்வு பெற்ற பிறகும் விடியற்காலையில் கம்பெனி பஸ்கள் குன்றத்தூர் முனையில் திரும்புகிற சத்தத்துக்கு எனக்கு விழிப்பு வந்துவிடுகிறது. எழுந்து உட்கார்ந்துவிடுவேன். போக வேண்டிய இடம் எதுவும் இல்லை என்பது நினைவுக்கு வரக் கொஞ்ச நேரமாகும். இந்த வாரம் முழுக்க அந்தக் கொஞ்ச நேரத்தில் உங்கள் கேள்விதான் ஓடியது. நீங்கள் பழக்குகிற பெண்ணின் விஷயத்தில் எங்கே பார்க்க வேண்டும் என்று எனக்குத் தெரியாது. என்னிடம் வந்த ஒரு பெண்ணின் விஷயத்தில் நான் எங்கே போய்ப் பார்த்தேன் என்று மட்டும் சொல்கிறேன். நம் பிள்ளைகளுக்கு வேலையிடத்தில் கூட நின்று பழக்குகிற இந்த ஜாப் கோச் வேலைக்குப் புதிதாக வந்திருக்கிற மற்றவர்களும் கேளுங்கள்.

அவளை ஷாலினி என்று வைத்துக்கொள்வோம். சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனை ஒட்டிய சந்தில் வீடு. அப்பா ஏழுமலை ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். ஸ்டேஷனில் இறங்குகிற ஜனங்களை ஒரகடம் கம்பெனிகளுக்குக் கொண்டுபோய் விடுவதுதான் அவருக்கு நாள் முழுக்க வேலை. அம்மா கஸ்தூரி வீட்டோடு இருந்தார். ஒரே பிள்ளை. எதையும் மெதுவாகத்தான் புரிந்துகொள்வாள். புரிந்துகொண்டால் விட மாட்டாள். பேச்சு குறைவு. சின்ன வயதிலிருந்து வலிப்பு உண்டு. காலையும் இரவும் மாத்திரை.

இப்படி மெதுவாகக் கற்கிற பிள்ளைகளுக்கான எங்கள் பயிற்சி மையத்தில் படிப்பை முடித்ததும், கார்களுக்கு வயர் கட்டுகள் தயாரிக்கும் ஒரு கம்பெனியில் அவளுக்கு இடம் கிடைத்தது. வயர் முனைகளில் ரப்பர் மூடியை மாட்டி, தட்டில் அடுக்கி, அடுத்த ஆளிடம் தள்ள வேண்டும். அதை எப்படிப் பழக்கினேன் என்பதை விட்டுவிடுகிறேன். உங்களுக்கே தெரியும்: முதலில் பக்கத்தில் நிற்போம், பிறகு தூணருகே நிற்போம், பிறகு கேன்டீனில் உட்கார்ந்திருப்போம், பிறகு வராமலே இருந்துவிடுவோம். நானும் அப்படி வராமல் இருக்கத் தொடங்கிய சமயம் அது. எப்போதாவது எட்டிப் பார்ப்பதோடு சரி.

லைனில் அவளுக்குப் பக்கத்து இடம் இசக்கியுடையது. தென்காசிப் பக்கத்துப் பெண். கான்ட்ராக்டில் எடுக்கப்பட்டு, கம்பெனி அமர்த்தியிருந்த ஹாஸ்டலில் தங்கியிருந்தாள். ஷாலினியோடு எப்படிப் பழக வேண்டும் என்று நான் அவளுக்கு எதுவும் சொல்லித்தரவில்லை. சொல்ல நினைத்துப் போன அன்று, ஷாலினி ஒரு மூடியைத் தலைகீழாக மாட்டினாள். இசக்கி தன் கையை நிறுத்தாமலே, "ஏட்டி, அதுக்குத் தலை எது காலு எதுன்னு தெரியலியா? திருப்பி மாட்டு" என்றாள். ஷாலினி திருப்பி மாட்டினாள். இரண்டு பேருமே அதை ஒரு விஷயமாக எடுத்துக்கொள்ளவில்லை. நான் வாயைத் திறக்காமல் திரும்பி வந்துவிட்டேன்.

ஒன்று மட்டும் கண்ணில் பட்டது. காலை டீ நேரத்தில் ஹாஸ்டல் பெண்கள் கூடி நின்று எதையோ சொல்லிச் சிரிப்பார்கள். ஷாலினியும் நடுவில் நின்று சிரிப்பாள். ஆனால் அவள் சிரிப்பு கொஞ்சம் பிந்தி வரும். ஒவ்வொரு முகமாகப் பார்த்து, எல்லோரும் சிரிக்கிறார்கள் என்று தெரிந்த பிறகுதான் ஆரம்பிப்பாள். அதற்கு என்ன அர்த்தம் என்று அப்போது எனக்குத் தெரியாது.

ஒரு நாள் சாயங்காலம் ஏழுமலையிடமிருந்து போன் வந்தது. நான் ஸ்ரீபெரும்புதூரில் எங்கள் மையத்தில், கதவைப் பூட்டிக்கொண்டிருந்தேன்.

"மிஸ், பாப்பா வெளிய வரல. ஷிப்ட்டு வுட்டு எல்லாரும் போய்ட்டாங்க. செக்கூரிட்டி உள்ள யாரும் இல்லன்றான். போன் பண்ணா ஸ்விட்ச் ஆப்புன்னு வருது. இன்னா மிஸ் இது? என் பொண்ணு எங்க?"

நான் போய்ச் சேர்ந்தபோது கம்பெனி வாசலில் ஏழுமலை செக்யூரிட்டியின் சட்டையைப் பிடிக்காத குறைதான். உள்ளிருந்து ஹெச்.ஆர். அதிகாரி வந்தார். இளைஞர், நல்லவர்தான், ஆனால் முகம் வெளுத்துப்போயிருந்தது. "மேடம், கார்டு பஞ்ச் பண்ணி வெளிய போயிருக்காங்க. எங்க பொறுப்பு அதோட முடிஞ்சுது. போலீஸ்ல சொல்லிடலாம்" என்றார். போலீஸ் என்ற வார்த்தையைக் கேட்டதும் ஏழுமலை அப்படியே பிளாட்பாரத்தில் உட்கார்ந்துவிட்டார்.

ரோட்டில் கன்டெய்னர் லாரிகள் ஒன்றின் பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. எதிர்ப்பக்கம் ஏரிக்கரை. அவளுக்கு எங்காவது வலிப்பு வந்திருந்தால்? அந்த நேரத்தில் மனசு போகிற போக்கில் ஓடினால் ஏரிக்கும் ரோட்டுக்கும்தான் ஓடும். பிள்ளை எங்கே போயிருப்பாள் என்று யோசித்தால் உலகம் முழுக்கத் தேட வேண்டும். அதனால் வேறு கேள்வி கேட்டேன்.

"காலைல எதை எடுத்துக்கிட்டு வந்தா? யோசிச்சுச் சொல்லுங்க."

"எப்பவும் எடுத்துனு வர்ற பைதான்."

"அதே பையா?"

அவர் தலையை நிமிர்த்தினார். "இல்ல மிஸ். பெரிய பை. கஸ்தூரி ஊருக்குப் போனா எடுத்துனு போற பை. நான் கேட்டேன், இன்னாத்துக்கு இதுன்னு. ஜிப்பு போச்சுப்பா அதுலன்னுச்சு. வண்டில ஏறிச்சு, நானும் வுட்டுட்டேன்."

காணாமல் போகிறவள் ஊருக்குப் போகிற பையை எடுத்துக்கொண்டு போக மாட்டாள். எங்கோ தங்கப் போகிறவள்தான் எடுப்பாள். ஹெச்.ஆர். அதிகாரியிடம் கொஞ்ச நேரம் பொறுக்கச் சொல்லிவிட்டு, ஏழுமலையின் ஆட்டோவிலேயே, ஷாலினிக்கு நெருக்கமான ஒரே ஆளான இசக்கியின் ஹாஸ்டலுக்குப் போனேன். இசக்கிக்கு வழியெல்லாம் போன் போட்டேன், எடுக்கவில்லை. ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஜனங்கள் பழக்கத்தில் கை காட்டினார்கள். ஏழுமலை யாரையும் பார்க்கவில்லை. "டெய்லி எத்தினி பேர் வூட்டுப் பொண்ணுங்கள பத்திரமா எறக்கி வுடறேன் மிஸ்" என்று மட்டும் ஒரு தடவை சொன்னார்.

ஸ்ரீபெரும்புதூர் போகும் ரோட்டில் உள்ளடங்கிய மூன்று மாடிக் கட்டடம் அந்த ஹாஸ்டல். வாசலிலேயே வார்டன் அம்மா எங்களைப் பார்த்துவிட்டுக் குழப்பமாக, "ஷாலினி அப்பாவா? நீங்கதான் பர்மிஷன் குடுத்தீங்கன்னு சொல்லிச்சே" என்றார்.

மேலே இசக்கியின் அறை. இரும்புக் கட்டில்கள், மேலொன்று கீழொன்றாக. கொடியில் ஈரத்துணிகள். கீழ்க் கட்டில் ஒன்றில் ஷாலினி உட்கார்ந்திருந்தாள். நைட்டி போட்டிருந்தாள். தலையைப் பின்னி, முகம் கழுவி, பவுடர் போட்டிருந்தாள். பக்கத்தில் சோப்பு டப்பா, பிரஷ், மடித்த போர்வை. தலையணை மேல் அன்றைய இரவு மாத்திரை ஒன்று, காகிதத்தில் மடித்து வைக்கப்பட்டிருந்தது.

எங்கள் மையத்தில் எத்தனையோ மாதம் கற்றுத்தர முயன்று முடியாததெல்லாம் அந்தக் கட்டிலில் இருந்தது. திட்டம் போட்டிருக்கிறாள். வேண்டியதை எடுத்து வைத்திருக்கிறாள். கம்பெனிக்குள்ளிருந்தே கிளம்புகிற, பழக்கமில்லாத ஹாஸ்டல் பஸ்ஸில் ஏறியிருக்கிறாள். பொய்கூடச் சொல்லியிருக்கிறாள், இரண்டு பேரிடம் இரண்டு விதமாக.

ஏழுமலை கையை ஓங்கிக்கொண்டு போனார். இசக்கி குறுக்கே வந்து நின்றாள். "அவள அடிக்காதிய மாமா. அப்பாட்ட சொல்லிட்டேன்னுல்லா சொன்னா. எங்களுக்கு என்ன தெரியும்? மேக்கட்டில் வேண்டாம், தூக்கத்துல விழுந்துருவான்னு என் கட்டில அவளுக்குக் குடுத்தேன்." சொல்லிக்கொண்டே அழுதுவிட்டாள்.

எல்லோரையும் கொஞ்சம் வெளியே இருக்கச் சொன்னேன். ஏழுமலையையும்தான். கதவைச் சாத்திவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஏன் வந்தாய் என்று கேட்டால் நம் பிள்ளைகள் பதில் சொல்ல மாட்டார்கள். ஏன் என்பதைத் திட்டாகத்தான் அவர்கள் கேட்டுப் பழக்கம். "கட்டில் நல்லா இருக்கா?" என்று கேட்டேன்.

தலையாட்டினாள்.

"வூட்லயும் உனக்குக் கட்டில் இருக்கே."

"அது வூடு மிஸ்." போர்வையின் மடிப்பை நீவிக்கொண்டே இருந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "இவங்கல்லாம் லைட்ட அணைச்சிட்டு பேசுவாங்க. காலைல அத சொல்லி சிரிக்கறாங்க. நானும் சிரிக்கறேன். இன்னான்னு எனக்குத் தெரியாது."

வெளியே தண்ணீர் லாரி வந்து நின்றிருந்தது. குழாய் மாட்டுகிற சத்தம் கேட்டது. அதையே கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இனி நான் எடுத்த முடிவு. இதில் உங்களுக்கு வேறு அபிப்பிராயம் இருக்கலாம். அன்று அவளை அங்கே தங்க விட எனக்கு எவ்வளவு ஆசை என்று சொல்ல முடியாது. நானும் கூடவே தங்கிவிடலாமா என்றுகூட நினைத்தேன். ஆனால் அவள் அங்கே இருந்தது ஒரு பொய்யின் பேரில். தங்கவிட்டால் மறுநாள் வார்டன் வேலை போகும், இசக்கியைக் கேள்வி கேட்பார்கள், அந்தக் கதவு ஷாலினிக்கு நிரந்தரமாக மூடும். அதனால் அவளிடம் சொன்னேன்: "இன்னிக்கு வூட்டுக்குப் போறோம். நீ கேட்டது தப்பு இல்ல. கேட்ட விதம் சரியில்ல. சரியான விதத்துல நான் கேக்கறேன்." இதைக் கதவைத் திறந்து, அவள் அப்பா, வார்டன், இசக்கி எல்லோர் காதிலும் விழும்படி இன்னொரு முறை சொன்னேன். சாட்சி வேண்டும் என்பதற்காக. நானே பின்வாங்கிவிடக் கூடாதே.

அவள் அழவில்லை. சோப்பு டப்பாவைப் பைக்குள் வைத்தாள். மாத்திரையை எடுத்து என் கையில் கொடுத்தாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

மறுநாள் அவள் வேலைக்குப் போகவில்லை. அதற்கு மறுநாளும் போகவில்லை. ஏழுமலை, "போதும் மிஸ், வேலையும் வேணாம் ஒண்ணும் வேணாம். வூட்லயே கெடக்கட்டும், கண் முன்னாடி" என்றார். கம்பெனியிலோ ஹாஸ்டலில் ஒரு நாள்கூட அனுமதி இல்லை என்று சொல்லிவிட்டார்கள். வலிப்பு இருக்கிற பெண், ஏதாவது ஆனால் யார் பதில் சொல்வது என்பது அவர்கள் பக்கம். இன்னும் சில நாள் வராவிட்டால் அந்த இடத்துக்கு வேறு ஆள் போட வேண்டியிருக்கும் என்றும் சொன்னார் அந்த இளைஞர், தயங்கித் தயங்கி.

வீட்டுக்குப் போனேன். சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். என் குரல் கேட்டும் திரும்பவில்லை. அம்மா கஸ்தூரி எனக்கு டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, மகளின் முதுகைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"இது பொறந்ததுலேர்ந்து இன்னொருத்தர் வூட்ல ஒரு ராத்திரி தங்கினது இல்ல மிஸ். லீவுக்கு எல்லார் வூட்டுப் புள்ளைங்களும் அத்த வூடு சித்தி வூடுன்னு போவும். இத யாரும் கூப்ட மாட்டாங்க. பிட்ஸ் வந்துச்சின்னா இன்னா பண்றதுன்னு பயம். அவங்க பயத்த தப்பு சொல்ல முடியாது. அதே மாதிரி நம்ம வூட்டுக்கும் யாரும் வந்து தங்க மாட்டாங்க. இதுக்குன்னு ஒரு பொண்ணு வந்து இந்த வூட்ல படுத்து எழுந்தது கெடையாது."

அன்று சாயங்காலம் இசக்கி போன் செய்தாள். "டீச்சர், அவ இனி வரமாட்டாளா? பக்கத்து எடம் வெறிச்சுன்னு கெடக்கு. ஞாயித்துக்கெழம லீவுதான, நாங்க போயிப் பாத்துட்டு வரட்டுமா?"

கஸ்தூரி சொன்னது என் காதில் அப்படியே இருந்தது. "ஞாயிற்றுக்கிழமை வேணாம்" என்றேன். "சனிக்கிழமை ஷிப்ட்டு முடிஞ்சு போங்க. தங்கிட்டு வாங்க."

"வீட்லயா டீச்சர்?" என்றாள். அந்த 'வீட்லயா'வை எப்படிச் சொன்னாள் என்று என்னால் எழுதிக் காட்ட முடியாது.

எனக்கு அதுவரை ஒரு பக்கம்தான் தெரிந்திருந்தது. ஷாலினி எதற்கு ஏங்குகிறாள் என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். கூட வேலை செய்கிறவர்கள் எதற்கு ஏங்குகிறார்கள் என்று நான் ஒரு நாளும் யோசித்ததில்லை. அவர்களை உதவி செய்கிறவர்களாக மட்டுமே பார்த்துப் பழகியிருந்தேன்.

வார்டனிடம் நானே போனேன். இசக்கி, இன்னும் இரண்டு பெண்கள், மூவரின் வீட்டுக்கும் போன் போட்டுக் கொடுத்தேன். அவரவர் அம்மாவே வார்டனிடம் பேசினார்கள். ஏழுமலையை ஒத்துக்கொள்ள வைத்தது கஸ்தூரி. என்ன சொன்னாரோ தெரியாது. சனிக்கிழமை மாலை அவர் கம்பெனி வாசலுக்கு ஆட்டோவைக் கொண்டுவந்து நிறுத்தி, வேறு சவாரி எதையும் ஏற்றாமல் அந்த மூன்று பேரையும் ஏற்றிக்கொண்டு போனார்.

நான் முன்பே போய் அந்த வீட்டில் இருந்தேன். ஆட்டோ நின்ற சத்தம் கேட்டும் ஷாலினி எழுந்திருக்கவில்லை. இசக்கி நேராக உள்ளே வந்து அவள் காலடியில் உட்கார்ந்து, "எந்தி. எங்களுக்கெல்லாம் எங்க படுக்கை போடுத, காட்டு" என்றாள். ஷாலினி அவளைப் பார்த்தாள். அவள் கையிலிருந்த பையைப் பார்த்தாள். எழுந்து போய்ப் பரணிலிருந்து பாயை இழுத்தாள்.

கோழிக்குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. இசக்கி சமையலறை வாசலில் போய் நின்றாள். உள்ளே நுழையவில்லை. நிலையைப் பிடித்துக்கொண்டு நின்று அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஹாஸ்டலுக்குச் சாப்பாடு வேனில், மூடிய பாத்திரங்களில் வரும். அடுப்பில் ஏதாவது கொதிக்கிறதை அவள் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது.

"அத்தை, நா ஒரு தோசை சுடட்டுமா?"

"சுடும்மா. இன்னாத்துக்குக் கேட்டுனு."

அவள் எல்லோருக்கும் சுட்டாள். எனக்கு, ஏழுமலைக்கு, பக்கத்து வீட்டிலிருந்து எட்டிப் பார்த்தவர்களுக்கும். தான் மட்டும் சாப்பிட உட்காரவில்லை. மாவு தீரும்வரை ஊற்றிக்கொண்டே இருந்தாள். கஸ்தூரி அவள் கையிலிருந்த கரண்டியைப் பிடுங்கித் தட்டைக் கொடுத்த பிறகுதான் உட்கார்ந்தாள்.

பாய்கள் வரிசையாக விரிக்கப்பட்டதைப் பார்த்துவிட்டு நான் கிளம்பினேன். கஸ்தூரி, "நீங்களும் இருங்க மிஸ், எடம் கீது" என்றார். இருந்திருக்கலாம். எனக்கும் வீட்டில் காத்திருப்பார் யாரும் கிடையாது. ஆனால் அங்கே ஒரு மிஸ் படுத்திருந்தால் அந்தப் பெண்கள் பேச மாட்டார்கள். ஷாலினி காத்திருந்தது அந்தப் பேச்சுக்குத்தான். கடைசி ரயிலுக்கு நிறைய நேரம் இருந்தும், செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

திங்கட்கிழமை காலை கம்பெனி வாசலில் ஏழுமலை என்னைப் பார்த்ததும் ஆட்டோவை ஓரம் கட்டினார். ஷாலினி ஏற்கனவே உள்ளே போய்விட்டிருந்தாள்.

"லைட்ட அணைச்சிட்டு படுத்துச்சுங்க மிஸ். அப்புறம் பேச ஆரம்பிச்சிச்சுங்க பாருங்க. எங்க பாப்பா கொரலுதான் ஜாஸ்தி. அது அவ்ளோ பேசும்னு எங்களுக்கே தெரியாது. நானும் கஸ்தூரியும் தூங்காம கேட்டுக்கினு கெடந்தோம்."

"என்ன பேசினா?"

"என்னப் பத்திதான்." அவருக்கு வெட்கமாகிவிட்டது. "நான் குளிக்கறப்போ கத்திப் பாடுவேன். அத அப்டியே பாடிக் காட்டுச்சு. மூணும் சிரிச்ச சிரிப்புல கஸ்தூரியும் சிரிச்சிட்டா. நான் எழுந்து போயி அதட்டலாம்னு பார்த்தேன். போவல." கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆட்டோவைக் கிளப்பினார்.

டீ நேரத்தில் நான் கேன்டீன் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். இசக்கி ஏதோ ஒரு ராகத்தில் இழுத்தாள். அவள் முடிப்பதற்குள், எல்லோருக்கும் முன்னால், ஷாலினி சிரித்துவிட்டாள்.

கதை இதோடு நல்லபடியாக முடிந்துவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். அந்தப் பெண்கள் அடிக்கடி வரப்போக ஆனார்கள். அப்படி வந்த ஒரு சனிக்கிழமை, எல்லோரும் டிவி பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஷாலினிக்கு வலிப்பு வந்தது. ஒரு பெண் அலறிக்கொண்டு வாசலுக்கு ஓடிவிட்டாள். இன்னொருத்தி சாவிக்கொத்தைத் தேடினாள். கஸ்தூரி பதற்றமில்லாமல், "சாவியெல்லாம் வேணாம்மா. பக்கத்துல இருக்கற ஸ்டூல நவுத்து. இப்பிடி ஒருக்களிச்சு படுக்க வையி. வாயில எதுவும் வெக்காத. தானா நிக்கும், பொறு" என்றார். இசக்கிதான் பக்கத்தில் உட்கார்ந்து, தலைக்கடியில் தன் துப்பட்டாவை மடித்து வைத்தாள்.

கண் விழித்த ஷாலினி அவர்களைப் பார்த்தாள். போர்வையை முகத்துக்கு மேல் இழுத்துக்கொண்டாள். இனி வர மாட்டார்கள் என்று நினைத்திருக்கிறாள். அப்படி நினைத்ததைப் பின்னால் ஒரு நாள் அவளே என்னிடம் சொன்னாள். இசக்கி போர்வையைப் பிடித்து இழுத்து, "ஏட்டி, தூங்குனது போதும். நாடகம் முடியப் போகுது, எந்தி" என்றாளாம். இதை எனக்குச் சொன்ன கஸ்தூரி அதற்கு மேல் சொல்ல முடியாமல் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்.

அடுத்த வாரம் அந்த மூன்று பெண்களும் வார்டனிடம் போய் நின்றிருக்கிறார்கள். "என்ன செய்யணும்னு எங்களுக்குத் தெரியும். அவ வந்து தங்கட்டும்." வார்டன் என்னைக் கூப்பிட்டார், நான் ஹெச்.ஆர். இளைஞரைக் கூப்பிட்டேன், டாக்டரிடம் ஏழுமலை எழுதி வாங்கிவந்தார். நான் வாக்குக் கொடுத்தபடி கேட்டது இந்த ஒரு தடவைதான். கேட்பதற்கு வேண்டியதையெல்லாம் அந்தப் பெண்களே செய்து முடித்திருந்தார்கள். மாதம் ஒரு இரவு, கீழ்க் கட்டில் என்று அனுமதி வந்தது. முதல் தடவை தங்கிவிட்டு வந்தவளிடம் எப்படி இருந்தது என்று கேட்டேன். "மூட்டப்பூச்சி கீது மிஸ்" என்றாள். அடுத்த மாதம் எப்போது என்றும் உடனே கேட்டாள்.

பிறகு நான் ஓய்வு பெற்றேன். அதற்கப்புறம் சில மாதம் கழித்து இசக்கியின் கான்ட்ராக்ட் முடிந்தது. அந்தப் பெண்கள் அப்படித்தான். இரண்டு மூன்று வருடம் இருப்பார்கள், பிறகு ஊர், கல்யாணம், வேறு கம்பெனி. ஷாலினி உள்ளூர்க்காரி. அவள்தான் இருந்துகொண்டே இருப்பாள், மற்றவர்கள் வந்து வந்து போவார்கள். இதை நான் முன்பே யோசித்து அவளைத் தயார் செய்திருக்க முடியுமா என்று பலமுறை நினைத்திருக்கிறேன். எதற்கென்று தயார் செய்வது? ஒருத்தியை ரொம்பப் பிடித்துப்போகாமல் இருப்பதற்கா?

இசக்கி ஊருக்குப் போன அன்று ஷாலினி சூப்பர்வைசரிடம் தானே போய் பர்மிஷன் கேட்டு வாங்கியிருக்கிறாள். சிங்கப்பெருமாள் கோவிலில் எலெக்ட்ரிக் ட்ரெயின் பிடித்து, செங்கல்பட்டில் தென்காசி வண்டி ஏற வேண்டும் இசக்கி. ஏழுமலையின் ஆட்டோவில்தான் எல்லோரும் ஸ்டேஷனுக்குப் போனார்கள். அங்கிருந்துதான் அவரிடமிருந்து எனக்குப் போன் வந்தது. நான் வேலையில் இல்லை என்பது அவருக்குத் தெரியும். இருந்தாலும் என் நம்பர்தான் அவர் கைக்கு வந்திருக்கிறது.

"மிஸ், வண்டி போயிடுச்சு. பாப்பா பெஞ்சுல உக்காந்துனு அழுவுது. நிறுத்தவே மாட்டேங்குது. இவ்ளோ அழுது நான் பார்த்தது இல்ல. மாத்திர குடுக்கலாமா? டாக்டராண்ட இட்டுனு போவட்டா?"

பின்னால் அந்த அழுகை எனக்குக் கேட்டது. சத்தம் போட்டு, மூச்சு வாங்கி, மறுபடியும் சத்தம் போட்டு அழுகிற அழுகை. எத்தனையோ கல்லூரிப் பெண்கள் அதே பெஞ்சில், அதே மாதிரி அழுதிருப்பார்கள்.

"ஒண்ணும் பண்ண வேணாம்" என்றேன். "அழட்டும். நீங்க பக்கத்துல உக்காருங்க, போதும். நிறுத்துன்னு மட்டும் சொல்லாதீங்க."

"அவ்ளோதானா மிஸ்?"

"அவ்ளோதான்."

போனை வைத்தேன். வைத்த கையோடு புடவையைச் சரிசெய்துகொண்டு, செருப்பை மாட்டி, வாசல் கதவைத் திறந்துவிட்டேன். ஒரு பஸ், ஒரு ஷேர் ஆட்டோ, போய்விடலாம். அவள் தலையை ஒரு தடவை தடவிவிட்டு வந்தால் என்ன என்று இருந்தது. அவளுக்கு அது வேண்டியிருக்கவில்லை. வேண்டியிருந்தது எனக்கு. அவள் அழுவது இசக்கிக்காக. அந்த இடத்தில் நான் போய் நின்றால் நடுவில் நிற்கிற ஆளாகத்தான் நிற்பேன். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தேன். போன வாரம் கேள்வி கேட்டவரே, இந்த வேலையில் எனக்கு வந்ததிலேயே கஷ்டமான நேரம் எது என்றால் அதுதான். ஓய்வு பெற்ற பிறகு வந்தது.

இருட்டுவதற்கு முன் நானே கூப்பிட்டேன்.

"நின்னுச்சா?"

"இன்னும் இல்ல மிஸ். நடுவுல பசிக்குதுன்னுச்சு, பஜ்ஜி வாங்கிக் குடுத்தேன். துன்னுக்கினே அழுவுது." ஏழுமலையின் குரலில் இப்போது பயம் இல்லை. "இசக்கி செங்கல்பட்டுலேர்ந்து போன் பண்ணிச்சு. அதுவும் அங்க அழுவுதாம். ரெண்டும் போன்லயே அழுதுச்சுங்க."

"வூட்டுக்குக் கூட்டிட்டுப் போறீங்களா?"

"கேட்டேன் மிஸ். இன்னொரு வண்டி போற வரைக்கும் உக்காந்திருக்கலாம்பான்னு சொல்லுது. சரின்னுட்டேன்."